பக்கத்து வீட்டுக்காரியை வசூல்காரி ஆக்காதீர்கள்: குழுக்கடன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

குழுக்கடன் கொடுக்கும் நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை நடத்துகிறவள் நான். நெல், கரும்பு, மல்லாட்டை, கொஞ்சம் கட்டட வேலை, கொஞ்சம் நூறு நாள் வேலை. இதுதான் எங்கள் ஊரின் வரும்படி. உங்கள் குழு எதிலும் நான் சேர்ந்ததில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கான சென்டர் மீட்டிங், அதாவது குழுப் பெண்கள் கூடி வாரத் தவணை கட்டும் கூட்டம், நடப்பது என் கடைக்கு நேர் எதிர்த் திண்ணையில். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே காதில் விழும். மீட்டிங் முடிந்ததும் அவர்கள் நேராக வருவதும் என் கடைக்குத்தான். டியூ கட்டிய கையோடு காபித்தூளும் பருப்பும் கடன் சொல்லி வாங்குவதற்கு. உங்கள் கடன் அட்டையில் எல்லாம் நேராக இருக்கிற வாரத்தில்தான் என் கடன் நோட்டில் பக்கம் நிரம்பும். உங்கள் மேலாளர்கள் அட்டையை மட்டும் பார்ப்பவர்கள். நான் இரண்டையும் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்க விரும்பவில்லை. பத்துப் பேர் குழுவில் ஒருத்தியால் கட்ட முடியாத தவணையை மற்ற ஒன்பது பேரிடம் வாங்குவதை நிறுத்துங்கள். நகையும் பத்திரமும் கேட்காமல் கடன் கொடுக்கிறோம் என்று சொல்கிறீர்கள், உண்மைதான். ஆனால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பாக இருப்பது எது? இந்தப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் பிரியமும் பயமும் வெட்கமும்தான். அதை நீங்கள் அடகு பிடித்திருக்கிறீர்கள். நகை என்றால் மூழ்குவதற்கு முன் ஒரு நோட்டீஸாவது வரும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவதற்கு முன் இங்கே இருந்தது தண்டலும் மீட்டர் வட்டியும். பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய், வருடத்துக்கு 120 சதவீதம். நீங்கள் வாங்குவது எங்கள் பேச்சில் ரெண்டு வட்டி, வருடத்துக்கு 24, 25 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அந்த வித்தியாசம் தெரியாத பெண் இந்தத் தெருவில் இல்லை. உங்கள் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், தையல் மிஷின் போட்டவர்கள் இருக்கிறார்கள், மகளை நர்சிங் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003இல். அதற்குப் பிறகும் 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கடன் தொல்லையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதனால் நீங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுத வரவில்லை. நீங்கள் போனால் யார் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கடன் கட்டாதவரைப் பற்றி உங்கள் ஆட்கள் பேசும்போது ஒரு வார்த்தை அடிக்கடி வரும்: "எண்ணம் சரியில்ல." குணத்தில் கோளாறு என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே பதில் கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து செந்தில் முல்லைநாதனும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரே ஆளிடம் கரும்பு வெட்டுக்கு முன் ஒரு தடவையும் வெட்டிப் பணம் வந்த பின் ஒரு தடவையும் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கை வறண்டிருக்கும்போது தடுமாறிய அதே ஆள், பணம் வந்தபின் தெளிவாகப் பதில் சொன்னார். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேரின் பொருள் ஏதாவது அடகில் இருந்தது, வெட்டுக்குப் பின் நூற்றுக்கு 4 பேர்தான். ஆலை வெட்டு உத்தரவை எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை, மாதக்கணக்கில் முன்னும் பின்னுமாக வரும். அதனால் வெயில் என்றோ மழை என்றோ பருவத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ஆள் அதே ஆள். மாறியது அவர் கையில் இருந்த காசு.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை என்று சொன்னால் திமிராகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். நூறு கிராம் மிளகாய்த்தூள் போடும்போது தராசு முள்ளையே முறைத்துப் பார்க்கிறவர், வெட்டுக் காசு வந்த மாதத்தில் மீதிச் சில்லறையை எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போவார். இறுக்கமான மாதங்களில் பாக்கிக் கணக்கைச் சொன்னால், "அன்னைக்கு எண்ணெய் நான் வாங்கவேயில்லையே" என்று சண்டைக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் மாறுகிறேன். மொத்த வியாபாரி பாக்கி கேட்டு நெருக்கும் வாரத்தில், கடனுக்கு வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நோட்டைப் பார்க்கிறேன். கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு தொங்குகிறது. அதற்குக் கீழேதான் கடன் நோட்டும் தொங்குகிறது. அந்த முரண்பாட்டோடு பல வருடம் கடை ஓடியதற்குக் காரணம், ஒருவர் தவறினால் அது எனக்கும் அவருக்கும் மட்டும் உள்ள வழக்காக இருந்ததுதான். அவர் பாக்கியை அடுத்த வீட்டுக்காரியிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த மாதம் இரண்டு வீடுமே என் கடைப்பக்கம் வந்திருக்காது.

இனி உங்கள் மீட்டிங்குக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு மீட்டிங். அன்றைக்கு ஒருத்தி வரவில்லை. அவளுடைய மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார், இவள்தான் கூட இருந்தாள். அவள் வாரத் தவணை 630 ரூபாய். உங்கள் ஆள் கோபப்படவும் இல்லை, கத்தவும் இல்லை. "மீதி பேர் சேர்த்துப் போட்டு முடிச்சிடுங்கக்கா, நான் அடுத்த சென்டர் போகணும்" என்றார். அவ்வளவுதான். பிறகு டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணம் முழுசாகும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். தெருமுனையில் நடவுக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி ஃபோனில் ஆஸ்பத்திரியில் இருந்தவளைப் பிடித்துக் கெஞ்சினாள். இன்னொருத்தி என் கடைக்கு ஓடிவந்து நூறு ரூபாய் கைமாத்து கேட்டாள். கடைசியில் தலைக்கு 70 ரூபாய் போட்டு முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. எழுபது ரூபாய் பெரிய விஷயமில்லை, அதைப் பேசித் தீர்த்திருப்பார்கள். நாலு பேருக்கு ஒரு நாள் கூலி போனது. அதற்கு யாரைத் திட்டுவது? உங்களையா? உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வாயில் விழுந்தது ஆஸ்பத்திரியில் இருந்தவள்தான்.

அடுத்த வாரமும் இதே கதை. மூன்றாவது வாரம் அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும் நாலு பெண்கள் அவள் வாசலுக்குப் போனார்கள். உங்கள் ஆளும் கூடப் போனார், பைக்கை விட்டு இறங்கவில்லை. பேசியதெல்லாம் பெண்கள்தான். "ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போக மட்டும் எங்கேயிருந்து காசு வருது?" என்று அதில் ஒருத்தி கேட்டது என் கடை வரைக்கும் கேட்டது. கேட்டவள் யார் தெரியுமா? அவளுடைய பிரசவத்துக்குக் கூடவே இருந்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு முருங்கை மரம்தான். ஒருத்தி வேலைக்குப் போனால் வீட்டுச் சாவி மற்றவளிடம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அவள்தான் சோறு போடுவாள்.

நாலாவது வாரம் மூக்குத்தியை அடகு வைத்து எல்லாப் பாக்கியையும் கட்டிவிட்டாள். மற்றவர்கள் போட்டதையும் எண்ணிக் கொடுத்துவிட்டாள். உங்கள் கணக்கில் அந்தச் சென்டர் சுத்தம், வசூல் நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. வீட்டுச் சாவி இப்போது என் கடைக்கு வருகிறது. இது ஒரு வீட்டோடு நிற்கவில்லை, என் கடை ஆணியில் இன்றைக்கு ஐந்தாறு வீட்டுச் சாவி தொங்குகிறது. இந்தச் செலவை நீங்கள் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கேட்டவளையும் நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் அதே கிழமையில் டியூ, அவள் வீட்டுக்காரருக்கும் அந்த மாதம் சென்ட்ரிங் வேலை இல்லை. சும்மா விட்டிருந்தால் அவள் அந்த மாமியாரைப் பார்க்க ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். தன் கையிலிருந்து எழுபது ரூபாய் போகிறது என்றானதும், அடுத்தவள் ஆட்டோவில் போவதும் கறி எடுப்பதும் கண்ணில் உறுத்த ஆரம்பித்துவிட்டது.

கறி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முன்பு வரிசை நிற்கும். இப்போது தவணை பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் பக்கத்து ஊருக்குப் போய் அரைக் கிலோ கோழி எடுத்து, பைக்குள் பை வைத்து மறைத்துக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வாங்கினால் அதை ஸ்டேட்டஸில் போடக்கூடாது என்று ஒரு தாய் தன் மகளிடம் சொல்வதைக் கேட்டேன். "இதைப் பார்த்தா நாளைக்கு சென்டர்ல கேப்பாங்க." மீட்டிங் நாளில் ஏழெட்டு வயசுப் பிள்ளைகள் வாசலில் நின்று "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லப் பழகிவிட்டன. பொய் சொன்னால் அடி விழுகிற வீடுகள்தான் அவை. திங்கட்கிழமை காலையில் மட்டும் அடி கிடையாது.

கைமாத்து என்று ஒரு வழக்கம் இங்கே உண்டு. ஐந்நூறு, ஆயிரம் அவசரத்துக்கு வாங்கி, சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது. வட்டி இல்லை, எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஏழைகளின் இன்ஷூரன்ஸ் என்று சொன்னால் தப்பில்லை. இப்போது கைமாத்து கேட்டால் முதலில் வரும் கேள்வி, "எந்த லோனுக்கு?" அதாவது, என் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறதா அல்லது ஒரு நிறுவனத்தின் டியூவுக்குப் போகிறதா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். டியூவுக்கு என்றால் திரும்பி வராது, ஏனென்றால் அடுத்த வாரமும் டியூ இருக்கும். அதனால் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு என்றே சொல்கிறார்கள். அப்புறம் என்ன, நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குக் கேட்பவரையும் யாரும் நம்புவதில்லை.

ஏலச்சீட்டும் அப்படித்தான் போனது. தெருவுக்கு இரண்டு சீட்டாவது ஓடும். முதல் மாதத்திலேயே பெருங்கழிவுக்குத் தள்ளி எடுக்க நாலு பேர் போட்டி போட ஆரம்பித்ததும், சீட்டுப் பிடித்தவர்கள் பயந்துவிட்டார்கள். அவ்வளவு கழிவுக்கு எடுப்பவர் உங்கள் பாக்கியை அடைக்க எடுக்கிறார், மீதி மாதங்களுக்கு எங்கிருந்து கட்டுவார்? எங்கள் தெருவில் நேர்மைக்குப் பேர்போன ஒரு பாட்டி சீட்டுப் பிடிப்பதையே விட்டுவிட்டார். "காசு போனா பரவால்ல, பேரு போயிடும்" என்றார். விசேஷங்களுக்கும் ஆள் குறைகிறது. மொய் எழுத வழியில்லாதவர், பத்திரிகை வைத்த வீட்டைத் தாண்டிப் போகாமல் சுற்றுவழியில் போகிறார். என் கடையும் தப்பவில்லை. தெரிந்த முகம், தினமும் வருகிற ஆள், ஜிபே போட்டாச்சு என்று பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். சித்தி, அத்தை என்று கூப்பிடுகிற ஆட்கள் முன்னால், அந்தப் பெட்டி வாய்திறக்கும்வரை பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாவற்றுக்கும் உங்கள் கடன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேலை குறைந்தது, மருத்துவச் செலவு ஏறியது, குடி, ஆலையில் நிலுவை என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கஷ்டம் வரும்போது மனிதர்கள் முதலில் ஓடுவது பக்கத்து வீட்டுக்கு. அந்தக் கதவை மூடுகிற ஏற்பாடு உங்களுடையது.

பொய்யைப் பற்றி இன்னும் ஒன்று. ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத்தான் இந்தக் கடன். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டுவது குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நல்ல விதி. ஆனால் வருமானத்தை யார் எழுதுகிறார்கள்? எதிர்த் திண்ணையில் உங்கள் ஆள் சொல்லி என் காதில் விழுந்தது, "எவ்வளவு வருது?" என்பதில்லை. "இருபத்து நாலாயிரம்னு போட்டுக்கிறேன்க்கா, யாராச்சும் ஃபோன் பண்ணிக் கேட்டா அதையே சொல்லுங்க." மாதம் இருபத்து நாலாயிரம் என்றால் வருடத்துக்கு 2,88,000. மூன்று லட்சத்துக்குள்ளும் அடங்கும், பெரிய தவணைக்கும் இடம் கிடைக்கும். இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் எல்லா மாதமும் அவ்வளவு வந்ததில்லை. ஆக, உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் உறவு தொடங்கும் முதல் நாளிலேயே ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள் அனுப்பிய ஆள். பிறகு 'எண்ணம் சரியில்ல' என்பதற்கு என்ன பொருள்?

ஒருவருக்கு மூன்று நிறுவனத்துக்கு மேல் கடன் இருக்கக் கூடாது, மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று உங்கள் நிறுவனங்களின் சங்கமே 2024இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதுவும் நல்லதுதான். ஆனால் மூன்று முடிந்தவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். நாத்தனாருடைய ஆதார் அட்டையைக் கொண்டுவருகிறாள். "உன் பேர்ல எடுத்துக் குடு, டியூ நான் கட்டுறேன்." நாத்தனாரால் மறுக்க முடியாது, மறுத்தால் குடும்பத்தில் பகை. எடுத்துக் கொடுத்தபின் இரண்டு டியூ தவறினாலும் பகை, கூடவே அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் போச்சு. நாளைக்கு மகன் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டால் அப்போதுதான் தெரியும். ஆள் பேரில் எடுத்த கடன் எது என்பது உங்கள் களப்பணியாளருக்கு நன்றாகவே தெரியும். புதுக் கடனுக்கு முன் என் கடைக்கு வந்து, "இந்த அக்கா எப்படி, உங்ககிட்ட பாக்கி இருக்கா?" என்று விசாரிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் போகுமா? என்னிடம் கேட்டால் நான் "தெரியலப்பா" என்றுதான் சொல்வேன். என் நோட்டு உங்கள் கோப்பு இல்லை.

அதே 2022 விதிகளில் வசூலுக்கும் வரம்பு உண்டு. மிரட்டக் கூடாது, தகாத வார்த்தை கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் ஃபோன் போட்டுத் தொல்லை பண்ணக் கூடாது. உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. பேசிவைத்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தடவையாவது வராவிட்டால்தான் வீட்டுக்கே போகலாம். தமிழ்நாட்டிலும் 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டம் வந்திருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். இவ்வளவும் யாரைக் கட்டுப்படுத்துகிறது? உங்கள் ஆளை. அவர் பைக்கை விட்டு இறங்காத வரைக்கும் எந்த விதியும் மீறப்படவில்லை. வாசலில் நின்று கத்தியது பக்கத்து வீட்டுக்காரி, ஃபோனில் ராத்திரி பத்து மணிக்கு அழுதது, குழுப் பெண்களில் ஒருத்தியான சென்டர் லீடர். அவர்களுக்கு எந்த விதியும் பொருந்தாது. நீங்கள் செய்தால் குற்றம் ஆகிற வேலையை, சம்பளம் இல்லாமல், அவர்கள் கைக்காசையும் போடவைத்து, அவர்களை வைத்தே முடித்துக்கொள்கிறீர்கள். குழு உத்தரவாதம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

'அது இல்லாவிட்டால் யாரும் கட்டமாட்டார்கள்' என்பீர்கள். இந்த முறையை உலகத்துக்குக் காட்டியது வங்கதேசத்தின் கிராமீன் வங்கி. முகமது யூனுஸ் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கியது, 2006இல் நோபல் அமைதிப் பரிசு வரைக்கும் போனது. அந்த வங்கியே 1998 வெள்ளத்துக்குப் பிறகு வசூலில் தடுமாறி, முறைகளைத் திருத்தி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்பதைக் கைவிட்டது. 2002க்குள் புது முறைக்கு மாறிவிட்டார்கள். கூட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது, கடன் மட்டும் அவரவருடையது. பிலிப்பைன்ஸில் லெய்ட்டே தீவில் ஒரு வங்கியின் சில சென்டர்களை மட்டும் குழுப் பொறுப்பில் இருந்து தனிப் பொறுப்புக்கு மாற்றிப் பார்த்தார்கள் சேவியர் ஹினே, டீன் கார்லன் என்ற பொருளியலாளர்கள். வாராந்திரக் கூட்டம் அப்படியே தொடர்ந்தது. கட்டாமல் விட்டவர்கள் கூடவில்லை. ஆக நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இந்தக் கயிறு, பணத்தைக் கொண்டுவருவதைவிடக் கழுத்தை இறுக்கத்தான் பயன்படுகிறது.

நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன். அவர்கள் போட்ட பணத்தை அவர்களே கொடுத்து வாங்கினார்கள். ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால், "இந்த மாசம் விடு, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டு" என்று சொல்லும் அதிகாரம் குழுவிடமே இருந்தது. அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் மன்னிக்கிற உரிமை அவர்கள் கையில் இருந்தது. உங்கள் குழுவில் பத்துப் பேருக்கும் பொறுப்பு உண்டு, மன்னிக்கிற உரிமை ஒருத்திக்கும் கிடையாது. அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, தலைமை அலுவலகம் ஃபோனை எடுப்பதில்லை.

2010இல் ஆந்திராவில் என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வசூல் நெருக்கடி முற்றி உங்களைப் போன்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் வந்தது, வசூல் படுத்துவிட்டது, நல்லபடி கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் களப்பணியாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் டிகிரி முடித்த இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையன்கள். வசூல் குறைந்தால் கிளைக்குத் திரும்ப முடியாது, சில நேரம் சொந்தக் காசைப் போட்டுக் கணக்கை முடிக்கிறார்கள் என்று அவர்களே என் கடையில் டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தியின் 630 ரூபாய்க்காக ஒன்பது பேரை உட்கார வைக்கிறவன் கெட்டவன் இல்லை, மேலே இருந்து அவனையும் அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மீட்டிங் அரை மணி நேரத்தில் முடியட்டும், வந்தவர் கட்டியதும் எழுந்து போகட்டும், வராதவருடைய கணக்கு உங்களுக்கும் அவருக்கும் உள்ளதாக இருக்கட்டும். ஆஸ்பத்திரி, சாவு, பிரசவம் என்றால் சில வாரம் தள்ளி, அதைக் கடைசியில் சேர்த்துக் கட்ட ஒரு வழி வையுங்கள். அதைக் கிளை மேலாளரே முடிவு செய்யட்டும். கரும்பு வீடுகளுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் பெருங்காசு வரும் என்று ஆலைக்குத் தெரியும், அடகுக் கடைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாராவாரம் ஒரே தொகை கேட்பதற்குப் பதிலாக, வெட்டுக்கு முன் சின்னத் தவணையும் வெட்டுக்குப் பின் பெரிய தவணையுமாகப் போட உங்கள் கணினியால் முடியாதா? வருமானக் கட்டத்தில் அந்தப் பெண் சொன்னதை எழுதுங்கள். அதனால் கடன் தொகை குறைந்தால் குறையட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: மற்றவர் தவணையை எந்த உறுப்பினரிடமும் கேட்கக் கூடாது, அப்படி வாங்கினால் களப்பணியாளருக்கு அது வசூலாகக் கணக்கில் ஏறாது. அதையே கடன் அட்டையின் முன்பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், தமிழில் அச்சடியுங்கள். "உங்கள் கடனுக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு." கூடவே புகார் எண்ணையும் போடுங்கள், அந்த எண்ணை எடுக்க ஒரு ஆளையும் போடுங்கள். அட்டை வந்ததும் எதிர்த் திண்ணையில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எதிர்த் திண்ணைக்கு நேரே மளிகைக் கடை வைத்திருப்பவள்,
விழுப்புரம் மாவட்டம்